அறிவிக்காத வெட்டு

ஓர் உதவித்தொகையைக் குறைக்க அரசாணை எதுவும் தேவையில்லை. உயர்த்தாமல் விட்டாலே போதும். மீதியை விலைவாசி பார்த்துக்கொள்ளும். பார்வையற்றோர் விஷயத்தில் நம் நாட்டில் நடந்திருப்பது இதுதான்.

மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டம் 2009-ல் மாதம் 200 ரூபாயுடன் தொடங்கியது. 2012 அக்டோபரில் அது 300 ஆயிற்று. அதன்பின் 2025 வரை ஒரு பைசா கூட ஏறவில்லை. 2012-ன் விலைவாசியை 100 என்று வைத்தால், 2025-ல் அது 190-ஐத் தாண்டிவிட்டது. அன்றைய 300 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 155 ரூபாய்தான். பாதி போய்விட்டது, வெட்டு என்று யாரும் சொல்லவில்லை.

என்னைப் போன்ற ரயில்வே ஓய்வூதியக்காரர்களுக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலை நிவாரணம் உயர்கிறது. 2020-ல் கொரோனாவைக் காரணம் காட்டி மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தார்கள். எத்தனை கூட்டங்கள், எத்தனை மனுக்கள்! நானும் கையெழுத்திட்டேன், நியாயமான கோரிக்கைதான். பதினெட்டு மாதங்களுக்குப் பின் உயர்வு மீண்டும் வந்தது. பார்வையற்றவரின் 300 ரூபாயோ பதின்மூன்று ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவருக்காகக் கூட்டம் போட யார் இருக்கிறார்கள்?

அவருக்குச் செலவும் நம்மைவிட அதிகம். நாம் பஸ்ஸில் போகிற ஆஸ்பத்திரிக்கு அவர் ஆட்டோவில் போக வேண்டும். துணைக்கு வருகிறவர் அன்றைய கூலியை இழக்க வேண்டும்.

அரைகுறைப் பார்வை உள்ளவர் நிலை இன்னும் மோசம். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி 40 சதவீதக் குறைபாடு இருந்தால் இட ஒதுக்கீடு உண்டு. ஆனால் இந்த ஓய்வூதியத்துக்கு 80 சதவீதம் வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். பஸ் போர்டைப் படிக்க முடியாது, தையல் வேலையும் கணக்கு வேலையும் செய்ய முடியாது. ஆனால் தட்டுத் தடுமாறித் தெருவைக் கடந்துவிடுவார். "உனக்குத்தான் தெரிகிறதே" என்று அனுப்பிவிடுவார்கள். எங்கள் ரயில்வேயிலும் கட்டணச் சலுகை விதி நெடுங்காலம் 'முற்றிலும் பார்வையற்றோர்' என்றே இருந்தது. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகையை எடுத்தபோதும் பார்வையற்றோர் சலுகையைத் தொடவில்லை. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

"மாநிலங்கள்தான் சேர்த்துக் கொடுக்கின்றனவே" என்பார்கள். உண்மை. ஆனால் அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பீகாரில் பல ஆண்டுகள் மொத்தமே 400 ரூபாய்தான். 2025-ல், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்புதான், 1,100 ஆக்கினார்கள். தேர்தல் வந்தால்தான் பசி தெரியுமா?

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் போன்றோருக்கு இன்னொரு சிக்கல். மாநிலத் தொகை வேண்டுமானால் டெல்லியில் 5 ஆண்டுகள், மகாராஷ்டிரத்தில் 15 ஆண்டுகள் குடியிருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். ரேஷன் கார்டு ஊரில், வாழ்வு இங்கே. வாடகை ரசீது கூட இல்லாத குடும்பம் சான்றுக்கு எங்கே போகும்?

நான் கேட்பது இரண்டே. எங்களுக்குத் தருவது போலவே, இந்தத் தொகையும் விலைவாசியோடு தானாக உயர வேண்டும். நாடாளுமன்ற நிலைக்குழுவே தொகையை உயர்த்தச் சொல்லிப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறது. புதிதாக ஆராய ஒன்றுமில்லை. ஊர் மாறினாலும் உரிமை கூடவே வர வேண்டும்.

அதுவரை நம் சங்கம் ஒன்று செய்யலாம். படிவம் நிரப்பவும், மருத்துவச் சான்றுக்குக் கூட்டிப்போகவும், இருப்பிடச் சான்று தேடவும் ஓய்வு பெற்ற நம்மில் சிலர் மாதம் ஒரு ஞாயிறு ஒதுக்கலாம். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிப் பழகியவர்கள்தானே நாம்? என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.