சுவர்ச் சித்திரமும் சுயமரியாதையும்

சமீப காலமாய் நமது நாட்டுப் பெரிய பட்டணங்களில், வீதிச் சுவர்களிலும், பாலங்களுக்கு அடியிலும், ரயில்வே ஸ்டேஷன்களிலும் ஆள் உயரத்துக்குப் பல மடங்கு பெரிதான சித்திரங்களை எழுதுகின்ற வழக்கம் பரவி வருகின்றது. இதற்கு வீதிக் கலை என்று பெயர் சொல்லுகிறார்கள். கோவிலுக்குள்ளும் பணக்காரர் மாளிகைக்குள்ளும் அடைபட்டுக் கிடந்த சித்திரமானது தெருவுக்கு வந்து, கூலி வேலைக்குப் போகிறவனும் காசு கொடுக்காமல், குளிக்காமல், யாருடைய உத்திரவையும் கேட்காமல் நின்று பார்க்கும்படி ஆனதை நாம் மனமார வரவேற்கின்றோம்.

பட்டணத்துச் சங்கதி நமக்கெதற்கு என்று மாரண்டஹள்ளித் தோழர்கள் கேட்கக்கூடும். சேலத்திற்கும் பெங்களூருக்கும் நடுவில் ரயில் நின்று போகின்ற, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் பேசப்படுகின்ற சிறிய ஊர்தான் மாரண்டஹள்ளி. ஆனால் அங்கும் சுவர் இருக்கின்றது. சுவர் இருக்கின்ற இடத்திலெல்லாம் எழுத்தும் படமும் இருந்தே தீரும். அதை எழுதுகிறவன் யார், எழுதச் சொல்லுகிறவன் யார், காசு கொடுக்கிறவன் யார், அதில் இடமில்லாமல் போகிறவன் யார் என்பதுதான் நம்முடைய கேள்வி.

நமது நாட்டில் பெருவாரியாக உள்ள வீதிச் சித்திரம் எது என்று முதலில் பார்ப்போம். அது எந்தக் கலைஞர் எழுதினதுமல்ல. காம்பவுண்டுச் சுவரின் அடியில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பதித்திருக்கின்றார்களே சாமி டைல்ஸ், அதுதான். பிள்ளையார் ஒன்று, முருகன் ஒன்று, சிலுவை ஒன்று, மசூதி ஒன்று. எதற்காக? யாரும் அந்தச் சுவரில் மூத்திரம் பெய்யாமலிருப்பதற்காக! உலகத்தைப் படைத்து இரட்சிக்கின்றவராகச் சொல்லப்படும் கடவுளுக்கு நம்முடைய ஆஸ்திகர்கள் கொடுத்திருக்கின்ற உத்தியோகம் இது. சம்பளமில்லை, லீவுமில்லை. நாஸ்திகர்களாகிய நாம் கூட கடவுளை இவ்வளவு தூரம் அவமானப்படுத்தியதில்லை. சர்வமத சமரசம் என்று மேடைதோறும் முழங்கியும் ஒன்று சேராத மதங்கள், மூத்திரச் சுவரில் மாத்திரம் ஒரே வரிசையில் சமாதானமாய் உட்கார்ந்திருப்பதும் கவனிக்கத்தக்கதேயாகும்.

இதில் சிரிக்கின்ற பாகம் போக, சிரிக்க முடியாத பாகமும் ஒன்று உண்டு. டைல்ஸ் பதித்த சுவர், அந்தத் தெருவில் ஒரு கக்கூஸ் இல்லையென்பதற்கு அத்தாட்சி. ஆண் பிள்ளை அடுத்த சுவரைப் பார்த்துக்கொண்டு போய்விடுவான். சந்தைக்குத் தக்காளிக் கூடையோடு வந்த பெண் பிள்ளை எங்கே போவாள்? அவளுக்காக எந்தச் சுவரில் எந்தச் சாமி என்ன செய்தது? கக்கூஸ் கட்டவேண்டிய காரியத்தைப் படம் ஒட்டித் தீர்த்துவிடலாம் என்கின்ற புத்திதான், பின்னால் நாம் சொல்லப்போகின்ற பெரிய காரியங்களிலும் வேலை செய்கின்றது.

சுவரிலும் கல்லிலும் படம் எழுதுவது தர்மபுரிப் பக்கத்தாருக்குப் புதிய வித்தையல்ல. 2004ல் தர்மபுரியிலிருந்து பிரிந்துபோன கிருஷ்ணகிரி ஜில்லாவில் மல்லப்பாடிக் குன்றில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர்களை எழுதியிருக்கின்றார்கள். அதைவிட முக்கியம் நடுகல். மாட்டுக்கும் ஊருக்கும் சண்டையிட்டு மாண்டவனை, கையில் ஆயுதத்தோடு கல்லில் வெட்டி, அவன் பெயரையும் அவன் செய்த காரியத்தையும் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி வெட்டவெளியில் நட்டு வைத்தார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்திய நடுகல் ஒன்றில், எஜமானன் விழுந்த இடத்தில் திருடர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்கின்ற நாயைக்கூடப் பெயர் சொல்லி வெட்டி வைத்திருக்கின்றார்கள். ஒரு நாய்க்கு மரியாதை செய்யத் தெரிந்த ஜனங்கள்! (அந்தக் கல்லுகளில் பெண்ணுக்கு இடம் மிகவும் அபூர்வம் என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.) பிறகு என்ன நடந்தது? எழுத்தைப் படிக்கத் தெரியாத காலம் வந்ததும், அந்த மனிதனை வேடியப்பன் என்று சாமியாக்கி, எண்ணெய் பூசி, கிடா வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மனிதன் செய்த காரியம் மறைந்துபோய்ப் பூசை மாத்திரம் மிஞ்சிற்று.

இன்றைய கடைத்தெருவின் நடுகல் பிளெக்ஸ் பேனர். இதை எழுதுவதற்குக் கையும் வேண்டியதில்லை, கண்ணும் வேண்டியதில்லை. மெஷின் துப்புகின்றது. தூரிகை பிடித்து ஏணிமேல் நின்று கடைப் போர்டும் கட்சிச் சின்னமும் எழுதிப் பிழைத்த ஆர்ட்டிஸ்டுகள் ஊருக்கு ஊர் வேலையிழந்தார்கள். அது யந்திரத்தின் குற்றமல்ல. யந்திரத்தை நாம் எப்போதும் எதிர்த்தவர்களல்ல. ஆனால் அந்த யந்திரத்தைக் கொண்டு நாம் எதைப் பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்று பார்க்க வேண்டாமா?

பெண் குழந்தை வயதுக்கு வந்துவிட்டதாம். உடனே பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தையின் படத்தை, பட்டும் நகையும் மாட்டி, ஒரு மாடி உயரத்துக்கு அச்சடித்து முச்சந்தியில் நிறுத்துகின்றார்கள். சுற்றிலும் மாமன்மார்களின் முகம், கறுப்புக் கண்ணாடியுடன். குழந்தையின் உடம்பில் நடந்த ஓர் இயற்கைக் காரியம் பஸ்ஸில் போகிறவனுக்கெல்லாம் எதற்காகத் தெரியவேண்டும்? "எங்கள் வீட்டில் ஒரு பெண் கலியாணத்திற்குத் தயாராகிவிட்டாள்" என்று டமாரம் அடிப்பதல்லாமல் இதற்கு வேறு என்ன அர்த்தம்? இது எந்த ஜில்லாவில் நடக்கின்றது? பெண் சிசுவைக் கொல்லாமலிருப்பதற்காக 1992ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் நீட்டிக்க வேண்டியிருந்த தர்மபுரி ஜில்லாவில்! பிறந்தபோது வேண்டாமென்று நினைக்கப்பட்டது அந்தக் குழந்தையின் இனந்தானே? அதே குழந்தை பத்தாவது பரீட்சையில் தேறினால் அந்த மாமன்மார்கள் எத்தனை அடிப் பேனர் வைக்கின்றார்கள் என்று தோழர்கள் தங்கள் தங்கள் தெருவில் எண்ணிப் பார்க்கட்டும்.

பேனரின் உச்சியைப் பாருங்கள். அங்கே ஜாதித் தலைவரின் படம். அடியில் ஜாதியின் நிறம். பேனரை அவிழ்த்துவிட்டாலும் அந்த நிறம் போகின்றதில்லை. மின்சாரக் கம்பத்தில், பாலத்தின் கட்டைச் சுவரில், தண்ணீர்த் தொட்டியில், பஸ் நிற்கின்ற நிழற்குடையில் எல்லாம் அதே நிறம். இந்தப் பாலம் இன்னாருடையது, இதற்கு அப்பால் நீ வராதே என்பதைத் தவிர அந்தச் சாயத்திற்கு வேறு பாஷை கிடையாது. பாலம் பொதுப் பணத்தில் கட்டினது. கம்பமும் அப்படியே. நாலு டப்பா பெயிண்டில் அதை ஜாதிச் சொத்தாக்கிவிடுகின்றார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் கையில் ஜாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருவதை நிறுத்தும்படி 2019ல் கல்வி இலாகா உத்திரவு போடவேண்டி வந்தது. 2024ல் நீதிபதி சந்துரு குழு அதையே மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. தெருவே நிறம் பிரித்துக் கிடக்கும்போது பையனை மாத்திரம் குற்றம் சொல்லி என்ன பயன்? இதே ஜில்லாவில் 2012 நவம்பர் 7ந் தேதி, ஜாதி மாறி ஒரு கலியாணம் நடந்ததைச் சாக்காக வைத்து, நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம் முதலிய மூன்று காலனிகளில் 250க்கு மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்களே, அதை மறந்துவிட்டு இந்தச் சாயத்தை வேடிக்கையென்று யாரும் தள்ளிவிட முடியாது.

2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், கலியாணத்துக்காக ரோட்டில் வைத்த பேனர் ஒன்று சரிந்து, வேலை முடிந்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய 23 வயதுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு மாண்டாள். பொது இடங்களை விகாரப்படுத்தக் கூடாதென்று 1959லேயே சட்டம் இருக்கின்றது. சட்டத்தின் யோக்கியதை அவ்வளவு!

சரி, இந்தக் கண்றாவிகளுக்குப் பதிலாகப் பட்டணத்துப் புதுச் சித்திரங்கள் வந்தால் போதாதா என்று கேட்கலாம். இங்குதான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டுமென்கிறோம். சென்னை கண்ணகி நகரை எடுத்துக்கொள்வோம். 2000 முதற்கொண்டு நகரத்தின் ஆற்றோரங்களிலும் மற்ற இடங்களிலும் குடிசை போட்டிருந்த ஏழைகளை, அவர்கள் வேலை செய்த இடத்திலிருந்து வெகு தூரத்துக்கு அப்புறப்படுத்தி, 15,000க்கு மேற்பட்ட சின்னஞ்சிறு வீடுகளில் அடைத்து வைத்த இடம் அது. அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்கும் அளவுக்கு அதற்குக் கெட்ட பெயரும் கட்டிவிட்டார்கள். 2020ல் ஸ்டார்ட் இந்தியா என்கின்ற ஸ்தாபனமும் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனியும் மாநகராட்சியோடு சேர்ந்து அந்த மாடிச் சுவர்களில் சித்திரம் எழுதுவித்தன. சித்திரங்கள் நன்றாகவே இருக்கின்றன. அங்கு வாழ்கின்ற சாதாரண மனிதர்களின் முகத்தையே சாமி படம் அளவுக்குப் பெரிதாக எழுதியது நமக்கு மெத்த சந்தோஷம். ஆனால் சுவருக்கு வெளிப்பக்கம் சாயம் பூசியதால் சுவருக்கு உள்பக்கம் ஒரு சாண் அகலமாகிவிடவில்லை. ஆற்றோரத்திலிருந்து இவர்களை ஏன் துரத்தினார்கள் என்று எந்தச் சுவராவது சொல்லுகின்றதா? 2025ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளைஞர் விளையாட்டில் கபடியில் தங்கம் ஜெயித்த நமது பெண்கள் குழுவில் அந்த நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். கண்ணகி நகரின் பெயரைத் துடைத்ததில் அவளுடைய பங்கு பெயிண்டின் பங்குக்குக் குறைந்ததல்ல என்பது நமது அபிப்பிராயம்.

காசு கொடுக்கிறவன் கை சுவரில் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு மேல்நாட்டில் நடந்த சங்கதி ஒன்று உண்டு. மெக்ஸிகோவில் புரட்சிக்குப் பின் சர்க்கார் பள்ளிக்கூடச் சுவர்களையும் இலாகாச் சுவர்களையும் சித்திரக்காரர்களிடம் கொடுத்து, படிக்கத் தெரியாத குடியானவனுக்கு அவனுடைய சரித்திரத்தையே எழுதிக் காட்டச் சொல்லிற்று. அவர்களில் பேர்பெற்ற டியேகோ ரிவேராவை 1933ல் அமெரிக்கக் கோடீசுவரர் ராக்பெல்லர் நியூயார்க்குக்கு அழைத்துத் தம் கட்டடத்தில் எழுதச் சொன்னார். அவர் லெனின் முகத்தை எழுதினார். எடு என்றார்கள், மறுத்தார். கூலியை முழுதும் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, 1934ல் சுவரையே உடைத்துத் தள்ளிவிட்டார்கள்.

நமது இயக்கமும் சுவரை அறியாத இயக்கமல்ல. 1952 ஆகஸ்டு 1ந் தேதி ரயில்வே ஸ்டேஷன் போர்டுகளில் இந்தி எழுத்தைத் தார் பூசி அழிக்கப் பெரியார் புறப்பட்டபோது தார்ச் சட்டியும் தூரிகையுந்தான் ஆயுதம்.  ஒளிந்து செய்ததில்லை. தேதி குறித்து, ஊரறியச் சொல்லிவிட்டுச் செய்தார்கள்.

ஆகவே மாரண்டஹள்ளித் தோழர்களுக்கு நாம் சொல்லுவது இது. படம் எழுதத் தெரிந்த பிள்ளைகள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். வேலையிழந்த போர்டு ஆர்ட்டிஸ்டு ஒருவரும் எங்காவது ஒரு மூலையில் இருப்பார். பேரூராட்சியில் மனுச் செய்து ஒரு பொதுச் சுவரைக் கேளுங்கள். ஜாதி நிறம் பூசிய பாலமாயிருந்தால் இன்னும் நல்லது. முதலில் அதற்கு வெள்ளையடியுங்கள். வெள்ளையடிக்கின்றபோது எல்லா ஜாதிப் பிள்ளைகளும் மட்டையைப் பிடிக்கட்டும். பிறகு, காலையில் தெருக் கூட்டுகின்ற பெண்ணையும், தக்காளி பறிக்கின்ற கையையும், ஊரில் முதன்முதல் காலேஜ் போன பெண்ணையும், அவரவர் சம்மதத்தைக் கேட்டு, பெயரோடு எழுதுங்கள். ஜாதிப் பட்டம் மாத்திரம் வேண்டாம். சாமியும் வேண்டாம், நமது தலைவர்களின் படமும் வேண்டாம். அவர்களுக்கு வேண்டிய சிலைகள் இருக்கின்றன. பெயிண்டுக்கு எவ்வளவு, ஆர்ட்டிஸ்டு கூலி எவ்வளவு, எந்தெந்தத் தெருவார் எவ்வளவு கொடுத்தார்கள் என்கின்ற கணக்கையும் அந்தச் சுவரின் மூலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.