ஆள் வைத்து விவசாயம் செய்கிறீர்களா? புதிய தொழிலாளர் சட்டத்தில் நீங்களும் முதலாளிதான்

மாசி பிறந்துவிட்டால் முதுகுளத்தூர், கமுதி, நயினார்கோவில், ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் கூலி பேசி முடிப்பதோடு சரி, சட்டத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. “சட்டமெல்லாம் மில்லுக்கும் கம்பெனிக்கும்தானே, மூன்று ஏக்கர் மானாவாரிக்காரனுக்கு என்ன?” என்பதுதான் நம்மில் பலரின் நினைப்பு. அந்த நினைப்பு தவறு.

என்ன மாறியிருக்கிறது?

மத்திய அரசு 29 பழைய தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. இவற்றில் விவசாயிகள் முக்கியமாக அறிய வேண்டியவை இரண்டு: 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு.

விவசாயக் கூலிக்குக் குறைந்தபட்ச ஊதியம் என்பது புதிதல்ல. 1948-ம் ஆண்டு சட்டத்திலேயே விவசாய வேலை சேர்க்கப்பட்டிருந்தது. பழைய கூலி அறிவிக்கைகள், புதிய சட்டத்துக்கு முரணாக இல்லாதவரை, தொடர்ந்து செல்லும். அபராதம்தான் பெரிதாகியிருக்கிறது. சேர வேண்டிய கூலியைக் குறைத்துக் கொடுத்தால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஐந்து ஆண்டுகளுக்குள் அதே தவறு மீண்டும் நடந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மிளகாய்க்கு விலை இல்லை என்ற காரணம் இங்கே எடுபடாது.

ஐந்து பேர் கணக்கு

சிறு விவசாயிக்குச் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதவர்கள் பதிவேடு, அறிவிப்புப் பலகை, சம்பளச் சீட்டு எதுவும் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்டால், கூலி கொடுத்ததற்கு ஏற்கத்தக்க ஆதாரம் காட்ட வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். கூலி பாக்கி என்று புகார் வந்தால், கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. தொழிலாளி மூன்று ஆண்டுகள் வரை உரிமை கோரலாம். மூன்று வருடத்துக்கு முந்தைய பங்குனியில் யாருக்கு என்ன கொடுத்தீர்கள் என்பது இன்று நினைவில் இருக்குமா? பறிப்புக்குப் பத்துப் பேரை இறக்கினால் இந்தச் சலுகையும் கிடையாது.

மேஸ்திரியிடம் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். அவர் ஆட்களுக்குக் கொடுக்காமல் விட்டால், பாக்கி நிலத்துக்காரர் தலையில்தான் விழும்.

ஆண் கூலி, பெண் கூலி

ஒரே வேலைக்கு, அல்லது ஒத்த தன்மையுள்ள வேலைக்கு, ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் கொடுக்கக் கூடாது. மருந்தடிப்பதும் பழம் எடுப்பதும் வேறு வேலைகள், கூலி வேறாக இருக்கலாம். இருவருமே பழம் எடுத்தால் கூலி ஒன்றுதான். “ஊர் வழக்கம்” என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

விபத்து நடந்தால்

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இது. டிராக்டர் உழவு, இயந்திர அறுவடை, பூச்சிமருந்து தெளிப்பு, மரம் வெட்டுதல், பனையேறிப் பதநீர் இறக்குதல் ஆகிய வேலைகள் விபத்து இழப்பீட்டுப் பட்டியலில் உள்ளன. சாயல்குடிப் பனங்காடும் கமுதி சீமைக்கருவேல் வெட்டும் இதில் அடங்கும். 2020-ல் அறிவிக்கப்பட்ட கணக்குப்படி, மாதம் 15,000 ரூபாய் ஊதியம் கணக்கிடப்படும் 40 வதுத் தொழிலாளி வேலையில் இறந்தால் இழப்பீடு 13,81,275 ரூபாய். நிலத்தை விற்றாலும் பலரால் கட்ட முடியாத தொகை.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், முடித்துத் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கு வேலையோடு தொடர்பு இருப்பது நிரூபணமானால், அதுவும் வேலை விபத்தாகவே கருதப்படும். லோடு ஆட்டோவில் இருபது பேரை ஏற்றி வரும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் வண்டியின் காப்பீட்டிலிருந்து பணம் கிடைப்பதும் சிக்கல்.

முன்பணம்: எல்லை எங்கே?

கரிமூட்டத்துக்கும் மரவெட்டுக்கும் முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பது நம் மாவட்ட வழக்கம். முன்பணம் கொடுப்பது குற்றமல்ல. அதைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தாலோ, கூலியைக் குறைத்து வேலை வாங்கினாலோ 1976-ம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் பாயும். மூன்று ஆண்டு வரை சிறை, கடனும் ரத்து. இந்தச் சட்டம் புதிய தொகுப்புகளில் கரையவில்லை, அப்படியே இருக்கிறது. அதேபோல் 14 வயது நிரம்பாத பிள்ளைகளைக் கூலிக்கு வைப்பதும் தண்டனைக்குரியது. பள்ளி விடுமுறை என்பதால் அது சரியாகிவிடாது.

இப்போதே செய்ய வேண்டியவை

* ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பெயர், வேலை, கூலி எழுதி, பணம் வாங்கியவரிடமே கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். முன்பணத்தையும் அதிலேயே எழுதுங்கள்.
* கைபேசி வழியாகப் பணம் அனுப்பினால் பதிவு தானாகவே நிற்கும். மனைவியின் கூலியைக் கணவரின் எண்ணுக்கு அனுப்பினால், அந்தப் பெண்ணிடம் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள்.
* நாள் கூலியை அன்றைய வேலை முடிந்ததும், வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலும் கொடுத்துவிடுங்கள். நெல்லோ வற்றலோ அன்பாகக் கொடுக்கலாம், கூலியில் கழிக்க வேண்டாம்.
* நடப்புக் குறைந்தபட்சக் கூலியை ஒவ்வொரு ஆண்டும் ராமநாதபுரம் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.
* டிராக்டரோ மருந்தடிப்போ தொடர்ந்து நடந்தால், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு பற்றிப் பொதுத்துறைப் பொதுக்காப்பீட்டு நிறுவனங்களில் விசாரியுங்கள். வேலைக்கு வருபவர்கள் உழவர் பாதுகாப்புத் திட்டத்திலும் இ-ஷ்ரம் தளத்திலும் பதிந்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

பறிப்புக் காலத்தில் கூலியே செலவில் பெரும்பகுதியாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் நோட்டு எழுதச் செலவில்லை. சரியாகக் கொடுப்பவருக்கு அந்த நோட்டுதான் சாட்சி. கணக்கு சுத்தமாக இருக்கும் காட்டுக்கு அடுத்த மாசியிலும் ஆள் வரும்.