களைதலும் நடுதலும்

களையெடுத்தல் உழவருக்குப் புதிய தொழிலன்று. ஆயினும் பறித்தல் ஒன்றே அவர்தம் நோக்கமன்று. பயிரைக் காத்தலே நோக்கம். பயிரில்லாத நிலத்தில் களை பறித்து மகிழும் உழவரை யாண்டும் காண்டல் அரிது. ஆற்றையும் மலையையும் பேணப் புகுந்த நாம் இவ்வெளிய உண்மையை மறந்தோமோ என்று ஐயுற வேண்டியுளது.

மேகமலையும் வருசநாட்டு மலையும் வைகையின் தாய்மடி எனலாம். மூலவைகை அம்மலைகளிற் பிறக்கின்றது. கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வரும் சுருளியாறு அதனோடு கூடுகின்றது. 1895-ஆம் ஆண்டு முதல் பெரியாற்றின் நீரும் இப்பள்ளத்தாக்கின் வழியே வந்து சேர்கின்றது. பரிபாடற் புலவர் பாடிய வையை இன்று தேனி முதல் இராமநாதபுரம் வரை உள்ள மக்களுக்கு உயிர்நீராம். 2021-ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பெற்றது. ஈண்டுப் புலியைக் காத்தல் வைகையைக் காத்தலுமாகும்.

இவ்வாற்றின் நீர்ப்பிடிப்பிலும் கரைகளிலும் அயல்நாட்டுச் செடிகள் குடியேறியுள்ளன. மலைச்சரிவில் உண்ணிச்செடி, சமவெளியின் கண்மாய்களிலும் ஆற்றுப்படுகையிலும் சீமைக் கருவேலம். இவை தாமாக வந்தன அல்ல. உண்ணிச்செடி பூவின் அழகு கருதித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப் பெற்றது. சீமைக் கருவேலத்தின் விதை, விறகுப் பஞ்சம் தீர்க்கும் பொருட்டு, 1877-ஆம் ஆண்டளவில் யமைக்காத் தீவினின்று சென்னை மாகாணத்திற்கு வந்தது. ஆதலின் செடியைப் பழித்தல் முறையன்று. நட்ட கை மனிதனுடையது. களையும் கடனும் அவனுடையதே.

அரசும் நீதிமன்றமும் வாளாவிருக்கவில்லை. சீமைக் கருவேலத்தை அகற்றுமாறு 2017-ஆம் ஆண்டில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஆணையிட்டது. அவ்வாண்டிலேயே அதற்கு இடைக்காலத் தடையும் பிறந்தது. 2022-ஆம் ஆண்டில் அயற்செடிகளைக் களைந்து காட்டை மீட்டற்கெனத் தமிழ்நாட்டரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. களைதலோடு மீட்டலையும் அது சேர்த்துக் கூறியமை போற்றத்தக்கது. ஆனால் பொதுமக்கள் மனத்தில் நிற்பது களைதல் ஒன்றே. பொறியைக் கொணர்ந்து மரத்தைச் சாய்த்தால் வேலை முடிந்ததென்று எண்ணுகின்றோம்.

முடியவில்லை என்பதே என் கருத்து. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதலாவது, இச்செடிகள் வெட்டத் தழைப்பவை. அடிமரத்தை விட்டு வெட்டிய கருவேலம் பல கிளைகளோடு புதராய் எழும். உண்ணிச்செடியை வேர்க்கழுத்தின் கீழே அறுத்துத் தலைகீழாய்க் கவிழ்த்தாலன்றி அது மீண்டும் துளிர்க்கும். கருவேல நெற்றைத் தின்ற ஆடுமாடுகள் சாணத்தோடு விதையைப் பரப்பும். உண்ணிப்பழத்தைத் தின்ற பறவைகளும் அவ்வாறே செய்யும். முள்மரத்தை இளமையிற் களைதலைப் பகைவெல்லுதற்கு வள்ளுவர் உவமையாக்கினார். இளங்கன்றைப் பறிக்க ஆண்டுதோறும் ஒரு கை வேண்டும். ஒருமுறை வந்து போகும் பொறி அதற்கு உதவாது.

இரண்டாவது, வெற்றிடம் வெற்றிடமாய் நில்லாது. அசுத்த ஆவி தான் விட்டு நீங்கிய வீடு பெருக்கப்பட்டு வெறுமையாய் இருக்கக் கண்டு, தன்னினும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பிக் குடிபுகுந்ததாக நம் ஆண்டவர் கூறிய உவமையை யாவரும் அறிவோம். களைந்த சரிவில் நாட்டுப் புல்லும் நாட்டு மரமும் ஊன்றாவிடின், முதல் மழை மண்ணை அணைக்கு அடித்துச் செல்லும்; அடுத்த மழையில் பழைய களையே முளைக்கும். ஆற்றங்கரையிலோ நாணலும் கோரையும் நமக்கு நட்பானவை. வேரால் மண்ணைப் பிணித்து நிற்பவை. அயலதையும் உரியதையும் பிரித்தறியாது படுகை முழுவதையும் சுரண்டுதல், களையோடு கரையையும் இழப்பதாகும்.

'கருவேலத்தைக் கரியாக்கிப் பிழைக்கும் ஏழைகள் என் செய்வர்?' என வினவுவார் உளர். இது தள்ளத்தகாத வினா. இராமநாதபுரச் சீமையில் வறட்சியிலும் அடுப்பெரியச் செய்தது அம்மரமே. களையைப் பொருளாக்கும் வழியும் உண்டு. நீலகிரிப் பழங்குடியினர் உண்ணித் தண்டினாற் செய்த யானை உருவங்கள் 2021-ஆம் ஆண்டில் இலண்டன் பூங்காக்களில் நின்றன. ஆயினும் பிழைப்பு களையையே நம்பி நிற்குமாயின், களை ஒழிதலை யார் விரும்புவர்? ஆகவே கூலி, வெட்டுதற்கு மட்டுமன்றி, நடுதற்கும் காத்தற்கும் வழங்கப்பெறல் வேண்டும். செடியையும் காலத்தையும் அறிந்த பளியரும் மலையடிவாரத்துச் சிற்றூராருமே அதற்கு உரியவர். வெளியூர் ஒப்பந்தக்காரர் வேலை முடிந்ததும் ஊர் திரும்புவர். இவரோ அங்கேயே வாழ்பவர்.

மாணவராகிய நாம் விடுமுறையில் ஒருநாள் கருவேலம் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ளுதல் எளிது. நட்ட கன்றுக்கு மூன்று கோடைகள் நீர் வார்த்தல் அரிது. அரியதைச் செய்ய முற்படுவோமாக. எத்தனை மரம் வீழ்த்தினோம் என்பதை விடுத்து, எத்தனை மரம் தழைத்தன என்று கணக்கெடுக்கும் நாளே வைகைக்கு நன்னாள்.