திண்ணையில் சொன்ன பதில்

ஆஷா ஊழியர் மேடேறி வருகிறார். அம்பூரிப் பக்கம் வீடுகள் பெரும்பாலும் சரிவில்தான். ரப்பர் மரங்களுக்கு நடுவே கல்படி. கையில் பதிவேடு. யாருக்காவது சர்க்கரை உண்டா, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறதா, உடம்பு மெலிந்திருக்கிறதா, முன்னே டி.பி. வந்ததுண்டா என்று முற்றத்தில் நின்றே கேட்கிறார். உள்ளறையில் பாட்டா இருமுவது அவருக்கும் கேட்கிறது. "ஒண்ணுமில்ல மக்களே, பனி இருமலாக்கும்" என்று திண்ணையில் இருந்தபடியே சொல்லி அனுப்பிவிடுகிறோம். அவரும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

காசநோயைக் கண்டுபிடிக்கும் எந்தத் திட்டமும் முதலில் இந்தத் திண்ணையைத்தான் தாண்டியாக வேண்டும். பாறசாலை, வெள்ளறடை, பனச்சமூடு, அம்பூரி என்று இந்தக் கேரள-தமிழக எல்லையோர ஊர்களில் இருக்கும் நாம் பலரும் அதைத் தாண்ட விட்டதில்லை.

கேள்வி கேட்பவர்கள் வராமல் இல்லை. யாருக்கு நோய் வர வாய்ப்பு அதிகம் என்று வீடு வீடாகக் கணக்கெடுத்த மாநிலம் கேரளம். 2019 முதல் 2021 வரை நாடு முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நுரையீரல் காசநோய் மிகக் குறைவாக இருந்ததும் இங்கேதான்: லட்சத்துக்கு 115 பேர். நாட்டின் சராசரி 316. அந்த நல்ல பெயர் நமக்குத் தலையணை ஆகிவிட்டது. நம்ம ஊரில் ஏது டி.பி., அது வடக்கே உள்ளவர்களுக்கு என்று பேசிப் பழகிவிட்டோம். ஆனால் லட்சத்துக்கு 115 என்றாலும் அவர்கள் எங்கேயோ ஒரு வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். நோய் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது கடினம். சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் வீடுகளில் வயதானவர்களில் சர்க்கரை இல்லாதவர் எத்தனை பேர்?

அந்தக் கணக்கெடுப்பில் என்னை உறுத்துவது வேறு ஒரு விவரம். நோயின் அறிகுறி இருந்தும் 64 விழுக்காட்டினர் மருத்துவரிடம் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டபோது, காசு இல்லை என்று சொன்னவர்கள் நூற்றில் இரண்டு பேர். 68 பேர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார்கள். வேறு யாரையும் கைகாட்ட அந்த எண் இடம் தரவில்லை. ஆஸ்பத்திரி தூரம் என்றும் நம்மால் சொல்ல முடியாது. நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி 1838-இல் தொடங்கியது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் அரசு ஆஸ்பத்திரி உண்டு. காரக்கோணத்தில் மருத்துவக் கல்லூரியே உண்டு. நாமோ முக்குக் கடையில் இருமல் சிரப்பு வாங்கினோம். அது கேட்காதபோது, போன முறை எழுதித் தந்த ஆன்டிபயாட்டிக்கை நாமே திரும்ப வாங்கிச் சாப்பிட்டோம். விடியுமுன் பால்வெட்டப் போகிறவர் இருமினால் பனி என்றோம். ரப்பர் ஷீட் உலர்த்தும் புகையில் நிற்பவர் இருமினால் புகை என்றோம். பீடி குடிப்பவருக்குக் காரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை.

1960-களின் தொடக்கத்தில் பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தின் தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் ஓர் ஆய்வு செய்தார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் பாதிப் பேர் அதற்குள் உதவி தேடிப் போயிருந்தார்கள். போனவர்களை இருமல் மருந்துப் புட்டி கொடுத்து அனுப்பியிருந்தார்கள். இரண்டு ஆய்வையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாதுதான். என்றாலும் அன்று அந்த ஏழைகளுக்குப் புட்டியைப் பிறர் கொடுத்தார்கள். இன்று நாமே கேட்டு வாங்குகிறோம்.

இருமல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் போதாது. அதே கணக்கெடுப்பில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 விழுக்காட்டினரை, நெஞ்சு எக்ஸ்ரே எடுக்காமல் கேள்வி மட்டும் கேட்டிருந்தால் தவறவிட்டிருப்பார்கள். அதனால்தான் இப்போது எக்ஸ்ரேயை ஊருக்குள் கொண்டுவருகிறார்கள். கையில் தூக்கிப் போகிற, பேட்டரியில் ஓடுகிற கருவி. ஆளை நிறுத்திப் படம் எடுத்தால், நிழல் இருக்கிறதா என்று கணினி உடனே சொல்லிவிடும். சந்தேகம் உள்ளவர்களின் சளி மட்டும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் பரிசோதனைக்குப் போகும். சில மணி நேரத்தில் கிருமி உண்டா என்பதும், ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் தெரிந்துவிடும். முகாம் போடுகிறார்கள். நமக்கு அன்றைக்குத்தான் வேலை இருக்கும். வரிசையில் நிற்பதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும்.

சளி கொடுப்பதிலும் நாம் சரியாக இல்லை. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, மூச்சை ஆழ இழுத்துச் சற்று அடக்கி, இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தபின் நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். டப்பாவில் விழ வேண்டியது கெட்டிச் சளி. அவசரத்தில் நாம் துப்பிக் கொடுப்பது பல நேரம் எச்சில். அதில் கிருமி அகப்படாமல் போகும். நெகட்டிவ் என்று சீட்டு வந்ததும் நிம்மதியாகத் திரும்பவும் சிரப்பு குடிப்போம்.

2001 நவம்பர் 9-ஆம் தேதி இரவு அம்பூரியில் மலை இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்தபோது ஊர் ஓடிப் போனது. யார் வீடு, எந்தச் சாதி, எந்தச் சபை என்று அன்று யாரும் கேட்கவில்லை. அதே ஊர்க்காரர்களான நாம், பக்கத்து வீட்டில் ஒருவர் மாதக்கணக்கில் மெலிந்துகொண்டே போவதைப் பார்த்தும் வேலிக்கு இப்புறமே நின்றோம். சிலர் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினோம். மகளுக்குச் சம்பந்தம் பார்க்கும் நேரம் என்று நோயை மறைத்தவர்களை நமக்குத் தெரியும். இங்கே காட்டினால் ஊர் அறியும் என்று மார்த்தாண்டத்துக்குப் போனவர்களையும் தெரியும். அவர்கள் பயந்தது நம்முடைய நாக்குக்கு.

இன்னும் இரண்டு இடங்களை நாம் பார்க்கவே இல்லை. நெய்யாறு நீர்த்தேக்கத்தின் அக்கரையில் காணிக்காரர் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. நெடுங்காலம் கும்பிச்சல் கடவில் தோணி பிடித்தே அவர்கள் இக்கரைக்கு வர வேண்டியிருந்தது. அவர்கள் கொண்டுவந்த தேனையும் குறுமிளகையும் விலை பேசி வாங்கினோம். அக்கரையில் யார் இருமுகிறார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. மற்றது, வடமாநிலத் தொழிலாளர்களுக்கு நாம் வாடகைக்கு விட்ட அறைகள். ஜன்னல் ஒன்று, படுப்பவர்கள் பலர். எத்தனை பேர் என்று ஆஷா கேட்டால் குறைத்துச் சொல்கிறோம். கூடுதலாகச் சொன்னால் வாடகைக் கணக்கு வெளியே வந்துவிடும்.

சரிசெய்ய வழி இல்லாமல் போய்விடவில்லை. வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் சில ஊர்களில், இருமல் உண்டா என்று கேட்காமலே பெரியவர்கள் எல்லாரிடமும் ஆண்டுக்கு ஒருமுறை சளி கேட்டார்கள். மூன்று ஆண்டுகள் அப்படிச் செய்தபின் நான்காம் ஆண்டில் பார்த்தால், அப்படிச் செய்யாத ஊர்களைவிட அங்கே காசநோய் 44 விழுக்காடு குறைவு. சுகாதார ஊழியர் கதவைத் தட்டினார், ஆட்கள் வெளியே வந்து கொடுத்தார்கள். இங்கும் ஞாயிறு ஆராதனை முடிகிற நேரம், கோயில் கொடைக்கு ஆள் கூடுகிற நேரம், தொழிலுறுதித் திட்ட வேலைத்தலம், குடும்பஸ்ரீ கூட்டம் என்று எத்தனையோ இடங்கள் உண்டு. எக்ஸ்ரே வண்டியை அங்கே வரச் சொல்லி நாமே கேட்கலாம். வரிசையில் முதல் ஆளாகச் சபைப் பெரியவரோ கோயில் கமிட்டித் தலைவரோ நின்றால் பின்னால் நிற்க யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் சிகிச்சை முடிந்துவிடும். 2024 நவம்பர் முதல் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். ஒரு வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், அந்த வீட்டுக் குழந்தை உட்பட எல்லாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாதவர்களுக்கு வராமல் தடுக்கவும் மருந்து உண்டு. பனச்சமூட்டுக்கு இப்புறம் வீடு, அப்புறம் வேலை என்றாலும் சிகிச்சை தடைபடாது. நிக்ஷய் என்ற காசநோயாளர் பதிவு நாடு முழுக்க ஒன்றே. 1800-11-6666 என்ற இலவச எண்ணில் சந்தேகம் கேட்கலாம். இந்த வாரம் உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ சர்க்கரையோடு மெலிந்து வருகிற பெரியவர் யாராவது இருந்தால், கூட்டிப் போய் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.