உயரத்திலிருந்து இறங்கி வந்தவர்

வரலாற்றாசிரியரும் போராளியுமான ஹாவர்ட் ஜின் 2010 ஜனவரி 27 அன்று, தமது 87ஆம் வயதில் மறைந்தார். 1980இல் வெளிவந்த அவரது அமெரிக்க மக்கள் வரலாறு, கொலம்பஸின் வருகையைக் கரையில் நின்ற அரவாக் மக்களின் பக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கிய நூல். ஆனால் வரலாறு கற்பிக்கும் நமக்கு அவர் விட்டுச்சென்ற பெரிய பாடம் ஒரு பிரெஞ்சு ஊரில் கிடைக்கிறது.

1945 ஏப்ரல். ஐரோப்பாவில் போர் ஓய மூன்று வாரங்களே இருந்தன. அட்லாண்டிக் கரையோர ருவாயானில் முடங்கிக் கிடந்த ஜெர்மன் படைமீது அமெரிக்க விமானங்கள் நேபாம் குண்டுகளைக் கொட்டின. அவற்றில் ஒன்றில் குண்டுவீசும் பொறுப்பு 22 வயது ஜின்னுடையது. 25,000 அடி உயரத்திலிருந்து பார்த்தவருக்கு மனிதர்கள் தெரியவில்லை, அலறலும் எட்டவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு அவர் போனார். ஆவணங்களைப் புரட்டினார், உயிர் பிழைத்தவர்களிடம் பேசினார். அந்தத் தாக்குதலுக்குப் போர்த்தேவை எதுவும் இல்லை என்று எழுதினார். தன் கை செய்ததையே ஆய்வுப்பொருளாக்கும் துணிவு நம் துறையில் அரிது.

அந்தத் துணிவு வகுப்பறையிலும் அவரைவிட்டு அகலவில்லை. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண்கள் பயிலும் ஸ்பெல்மன் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, நிறவெறிக்கு எதிராகத் தெருவில் இறங்கிய மாணவிகளின் பக்கம் நின்றார். 1963இல் வேலை பறிபோனது. பிறகு பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபடியே வியட்நாம் போரை எதிர்த்தார்.

அமெரிக்க மக்கள் வரலாறு நூலில் அடிக்குறிப்புகள் இல்லை, சிக்கலானவற்றை எளிமைப்படுத்திவிட்டார் என்ற விமர்சனங்களில் நியாயம் உண்டு. ஆகவே பாடநூலை ஒதுக்கிவிட்டு அவர் நூலை வேதமாக்க வேண்டாம். இரண்டையும் மாணவர் முன் அருகருகே வைப்போம். எந்தப் பக்கத்தில் யாருடைய குரல் விடுபட்டிருக்கிறது என்று அவர்களே தேடட்டும். ஜின்னின் பக்கங்களையும் அதே கேள்வியோடு அவர்கள் படிக்கட்டும்.

இனி ஒரு போரின் ஆண்டைக் கரும்பலகையில் எழுதும்போது, அதில் எரிந்த ஓர் ஊரின் பெயரையும் கீழே எழுதுவோம். அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி அந்த வரியில் தொடங்கட்டும்.