பட்ட மரமும் பாலன்ஸ் ஷீட்டும்

நான் படித்தது பி.காம். பட்டுப்போன மரத்தைப் பார்த்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தேய்மானக் கணக்குதான். வருஷத்துக்கு இவ்வளவு கழிவு, கடைசியில் காயலான் கடை மதிப்பு. இந்தப் புத்தியோடு ஒருத்தன் காட்டுக்குள் போனால் என்ன செய்வான்? வெட்டி வித்துடுவான்.

போலந்தில் அதைத்தான் செய்தார்கள்.

போலந்து, பெலாரஸ் எல்லையில் பியாவோவியேஷா என்று ஒரு பழங்காடு. பெயர் வாயில் நுழையாவிட்டால் விடுங்கள். ஐரோப்பியக் காட்டெருமை திரிகிற இடம். 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. 2016 மார்ச்சில், அங்கே ஒரு சரகத்தில் மரம் வெட்டும் அளவை ஏறக்குறைய மூன்று மடங்காக்க அனுமதி கொடுத்தார் அமைச்சர் யான் ஷிஷ்கோ. ஸ்ப்ரூஸ் மரங்களில் பட்டை துளைக்கிற வண்டு பரவுகிறதாம், அதனால் வெட்டணுமாம். எந்தத் துறை அமைச்சர் தெரியுமா? சுற்றுச்சூழல்!

செத்த மரம் சும்மா நிற்கிறது என்றா நினைக்கிறீர்கள்? அடிமரத்தில் அலமாரிப் பலகை அடித்த மாதிரி, தட்டுத் தட்டாகக் காளான் நிற்கும். மழைக்கு முளைத்து ரெண்டு நாளில் அழுகுகிற குடைக்காளான் ஜாதி இல்லை. கட்டை போலக் கெட்டி. சிலது வருஷக்கணக்கில் இருக்கும். அடிப்பக்கம் ஊசி குத்தின மாதிரி துளைகள். கானோடெர்மா அப்ளனேட்டம் என்கிற வகை ஒரே நாளில் சுமார் 3,000 கோடி வித்துகளை உதிர்க்கிறது. நம்ம ஊர் பட்ஜெட் தொகை மாதிரி இல்லை?

நாம் பார்க்கிற தட்டு வெறும் வாசல். உள்ளே நூல் நூலாக ஓடி, மரத்தை விறைப்பாக வைத்திருக்கிற லிக்னினையே கரைக்கிற வகைகள் இதில் உண்டு. அப்படி இளகின கட்டையில்தான் வெண்முதுகு மரங்கொத்தி பொந்து போடும். அது காலி செய்தால் வேறு பறவை குடிவரும். மூவிரல் மரங்கொத்திக்கோ, அமைச்சர் பயந்த அந்த வண்டுதான் சாப்பாடே.

‘காளான் மரத்தைக் கொல்லாதா?’ என்று கேட்பீர்கள். கொல்லும். தென்னைக்கு வருகிற தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணமே ஒரு கானோடெர்மாதான். தோப்பு வைத்திருப்பவர் பதறுவது நியாயம், அது அவர் பிழைப்பு. ஆனால் காடு என்ன, யாரோ குத்தகைக்கு எடுத்த தோப்பா?

2017 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. வெட்டு நிற்கவில்லை. அந்த நவம்பரில், மீறினால் நாளுக்குக் குறைந்தது 1 லட்சம் யூரோ அபராதம் என்றது. அந்தக் கணக்கு மட்டும் உடனே புரிந்தது! 2018 ஜனவரியில் அமைச்சர் பதவி போனது. ஏப்ரல் 17-ம் தேதி, வெட்டியது சட்டவிரோதம் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் லாரியில் ஏறிப்போனவற்றில் நூறு வயது தாண்டிய மரங்களும் இருந்தன.