ஒரு பிள்ளையை எத்தனை வருசம் காக்க வைப்பீர்கள்?

இங்கிலாந்தில் பிள்ளையின் வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்து நீதிமன்றத்தில் போடலாம் என்று 1991இல் சட்டம் வந்தது. குறுக்கு விசாரணையையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள் என்று நீதிபதி பிகொட் குழு 1989இலேயே சொல்லிவிட்டது. 1999இல் சட்டத்தில் எழுதினார்கள். எல்லா கிரவுன் நீதிமன்றங்களுக்கும் அது வர 2020 ஆனது. முப்பத்தொரு வருசம்! அதற்குள் எத்தனை பிள்ளைகள் வழக்குக்குக் காத்திருந்தே பாதியை மறந்திருக்கும்?

நேரில் பார்த்தால்தான் பொய் தெரியுமாம். பயந்த பிள்ளை நேரில் பொய்யன் மாதிரித்தான் தெரியும். குறுக்கு விசாரணை இல்லாத வெறும் வீடியோவை வைத்து ஆளைச் சிறைக்கு அனுப்பினால் நானும் எதிர்ப்பேன். இங்கே அதுவும் பதிவாகுதே!

என் அகதி விசாரணையில் நான் சொன்னது ஒன்று, மொழிபெயர்ப்பாளர் சொன்னது வேறொன்று. தாளில் ஏறியது அவருடையதுதான். வீடியோ இருந்தால் என் வாய் சொன்னதும் இருந்திருக்கும். எளியவனுக்குப் பதிவுதான் காவல், பாருங்கோ.